வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே

படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் புரட்டிப் படுக்க வைப்பது என்ன பெரிய வேலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிக் கேட்பவரை ஒரே ஒரு நாள் அந்தக் கட்டில் பக்கத்தில் நிறுத்தி வைக்க வேண்டும். ஆள் எலும்பும் தோலுமாக இருந்தாலும் சரி, தன் பங்குக்கு ஒத்துழைக்காத உடம்பு கல்லாய்க் கனக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். வந்த புண் லேசில் ஆறாது. அதனால் பகலென்றும் இரவென்றும் பாராமல் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வேலையைச் சிஸ்டர் இருபது வருஷத்துக்குக் குறையாமல் செய்துவந்தாள்.

சிஸ்டர் என்பது அவளுடைய பெயர் இல்லை. நர்ஸ் படிப்பும் அவள் படித்ததில்லை. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வீடுகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்ஸியில் சேர்ந்தபோது வெளிர்நீலத்தில் ஒரு மேல்கோட்டு கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு முதல் வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த வீட்டுக்காரர்கள் “வாங்க சிஸ்டர்” என்றார்கள். மறுக்க வெட்கமாக இருந்தது. அன்றோடு சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போயிற்று. கல்யாணம் ஆனவள்தான். புருஷன் கூட இருந்த காலம் கொஞ்சம். அவனைப் பற்றிச் சொல்ல இருப்பது அதைவிடக் கொஞ்சம். பிள்ளை குட்டி கிடையாது. தங்கை ஒருத்தி உண்டு. ஊருக்கெல்லாம் சிஸ்டர், கூடப் பிறந்தவள் கண்ணுக்கு மட்டும் தென்படமாட்டாள் என்று அந்தத் தங்கை சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தாள்.

இந்த வேலையில் ஒரு விசேஷம் உண்டு. வேலை பார்க்கும் வீட்டிலேயேதான் இருக்க வேண்டும். நோயாளியின் அறையில் ஒரு மூலை, ஒரு மடக்குக் கட்டில், துணிமணிக்கு ஒரு பை. அந்த வீட்டு வேலை இரண்டே விதத்தில்தான் முடியும். நோயாளி எழுந்து நடந்தால் முடியும். நோயாளியை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனால் முடியும். பெரும்பாலும் இரண்டாவதுதான். எது நடந்தாலும் அன்றைக்கே ஏஜென்ஸி மேடத்திடமிருந்து போன் வந்துவிடும். அடுத்த வீடு தயாராக இருக்கிறது, சாயங்காலமே போய்விடுங்கள் என்பாள். மேடம் கெட்டவள் இல்லை. எப்போதும் பத்து வீட்டுக்காரர்கள் அவளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருப்பார்கள். அவள் சிஸ்டரை உலுக்குவாள்.

சிஸ்டர் ஒரு தடவையாவது மாட்டேன் என்று சொன்னதுண்டா? கிடையாது. மற்றப் பெண்கள் உடம்புக்கு முடியவில்லை, ஊரில் விசேஷம் என்று நழுவும்போது, எள் என்றால் எண்ணெயாக நிற்பவள் அவள்தான். “எனக்கென்ன, உக்காந்த இடத்துலயே தூங்கிப்பேன்” என்று பெருமையாக வேறு சொல்லிக்கொள்வாள். என்னைக் கேட்டால் இந்தப் பெருமை இருக்கிறதே, இதுதான் வியாதி. சர்க்கரை மாதிரி, ரத்தக்கொதிப்பு மாதிரி, வெளியே தெரியாமல் உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆரம்ப காலத்தில் நோயாளி இறந்துபோனால் அவள் அழுவாள். சொந்தக்காரர்கள் தங்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவளுக்குத் தண்ணீர் கொடுத்த வீடுகள் கூட உண்டு. பிறகு அழுகை குறைந்தது. பிறகு தொண்டை அடைப்பதோடு நின்றது. எந்த வீட்டில், எந்தக் கட்டில் பக்கத்தில் அதுவும் நின்றது என்று அவளுக்கே தெரியாது. பழக்கம் என்று நினைத்துக்கொண்டாள். வேலை தெரிந்தவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் போலிருக்கிறது என்று அதையும் பெருமைக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

டீச்சரம்மா வீட்டில் மட்டும் மூன்று வருஷத்துக்கு மேல் இருந்தாள். பூகோளம் சொல்லிக் கொடுத்தவர். பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். பேச்சு தெளிவாக இருந்தது. காலையில் கண் விழித்ததும் “சிஸ்டர், நாம இப்ப எந்த நாட்டுல இருக்கோம்?” என்பார். தினம் ஒரு நாட்டின் பெயரைச் சிஸ்டர் சொல்ல வேண்டும். அந்த நாட்டில் என்ன மலை, என்ன ஆறு என்று டீச்சரம்மா கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார். நாடுகள் தீர்ந்துபோய் மறுபடி முதலிலிருந்து வந்தார்கள். டீச்சரம்மாவின் உடம்பு நேராகப் பிடித்துத் திருப்பினால் திரும்பாது. அதற்குச் சிஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். மேல் காலை மடக்கி மற்றக் காலுக்குக் குறுக்கே போட்டு, இடுப்பின் பின்னால் உள்ளங்கையை வைத்து ஒரே தள்ளு. கதவு திறப்பதுபோல ஆள் முழுசாகத் திரும்பிவிடுவார். மூன்று வருஷம் பகலும் இரவும் அதே கால், அதே தள்ளு. தூக்கக் கலக்கத்திலும் கை தானாகச் செய்யும்.

ஒரு நாள் மத்தியானம், கரண்டியில் ஊட்டிய தண்ணீர் உள்ளே போகாமல் கன்னத்தில் வழிந்தது. பார்த்தால் டீச்சரம்மா இல்லை. சிஸ்டர் அவருடைய கண்களை மூடிவிட்டாள். தாடையைக் கட்டினாள். உடம்பைத் துடைத்து, நகம் வெட்டி, புதுத் துணி மாற்றினாள். மகள் ஓடிவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறினாள். அந்தப் பெண்ணின் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே சிஸ்டர் குளியலறைக் குழாயை மூடினோமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். துக்கத்தை உள்ளே தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. ஒரு வாரமாவது இருந்துவிட்டுப் போங்கள் என்று மகள் கெஞ்சினாள். அதற்குள் மேடத்தின் போன் வந்துவிட்டது. சாயங்காலம் வெயில் தாழ்வதற்குள் சிஸ்டர் அதே பையோடு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அடுத்த வீடு ஒரு லிஃப்ட் மெக்கானிக்குடையது. நகரத்துக் கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் போய்ச் சரிசெய்பவர். இதில் வேடிக்கை என்னவென்றால், அத்தனை மாடி உயரத்தில் தொங்கி வேலை பார்த்தவருக்கு அங்கெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. சொந்த வீட்டில் பல்பு மாட்ட ஸ்டூலில் ஏறி விழுந்து வலது இடுப்பை உடைத்துக்கொண்டார். மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்து, அப்போதுதான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இடுப்பில் அப்படி மூட்டு மாற்றியவருக்கு ஒரு விதி உண்டு. அந்தக் கால் மற்றக் காலுக்குக் குறுக்கே போகவே கூடாது. போனால் மூட்டு கழன்றுகொள்ளும். திருப்பிப் படுக்க வைக்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் கெட்டித் தலையணை கட்டாயம். ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதை மெக்கானிக்கின் மனைவி சிஸ்டரிடம் சொன்னாள். சிஸ்டர் தலையாட்டினாள். அவளுக்குத் தெரியாததா? இதே விஷயத்தை எத்தனையோ வீட்டில் மற்றவர்களுக்கு அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

மறுநாள் காலை உடம்பு துடைத்து முடித்ததும் மெக்கானிக்கைத் திருப்ப வேண்டியிருந்தது. சிஸ்டர் தலையணையை எடுக்கவில்லை. வலது காலை மடக்கினாள். இடது காலுக்குக் குறுக்கே போட்டாள். இடுப்பின் பின்னால் உள்ளங்கையை வைத்து ஒரே தள்ளு.

உள்ளே ஏதோ இடம் மாறிய சத்தம் அவள் உள்ளங்கைக்கே கேட்டது. மெக்கானிக் “அம்மா” என்று போட்ட கூச்சலில் மனைவி கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். வலது கால் இடது காலைவிடக் குட்டையாக, உள்பக்கம் திரும்பிக் கிடந்தது. சிஸ்டர் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தவள் மனைவிதான். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து மூட்டைத் திரும்ப உள்ளே தள்ளினார்கள். நடை பழக ஆரம்பித்திருக்க வேண்டியவர் மறுபடி முதலிலிருந்து படுக்கைக்குப் போனார். மனைவி ஏஜென்ஸிக்குப் போய்த் திட்டிய திட்டில் ஒரு வார்த்தை மட்டும் மேடத்தின் மனதில் நின்றுவிட்டது. “தப்பு பண்ணா பயப்படுவாங்க இல்ல? அவங்க முகத்துல ஒண்ணுமே இல்லைங்க. அதைப் பாத்துத்தான் எனக்குப் பயமாயிடுச்சு.”

மேடம் சிஸ்டரைக் கூப்பிட்டு விசாரித்தாள். தலைசுற்றலா, தூக்கக் கலக்கமா, விதி மறந்துபோய்விட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எதற்கும் சிஸ்டர் ஆமாம் சொல்லவில்லை. கடைசியில் மெதுவாகச் சொன்னாள்.

“நான் டீச்சரம்மாவைத்தான் புரட்டினேன் மேடம்.”

மேடம் பேனாவை வைத்துவிட்டாள். ஒரு மாதம் எங்கேயாவது போய் இருங்கள், அதற்குப் பிறகு வாருங்கள் என்றாள். “அப்பவும் உங்களை ஒரு ஆள் மேல கை வைக்க விடலாமான்னு எனக்குத் தெரியல சிஸ்டர். உங்களுக்குத் தெரிஞ்சா வந்து சொல்லுங்க.”

சிஸ்டருக்குத் தெரியவில்லை. படியிறங்கி வரும்போது தன் கைகளைப் பார்த்தாள். சோறு போட்ட கைகள். இனி அவற்றை நம்பலாமா கூடாதா என்பது அவள் பிழைப்பே அடங்கிய கேள்வி. அதைக்கூட அவள் வேறு யாருடைய விஷயமோ என்பதுபோலத்தான் யோசித்தாள். பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள்.

தங்கை வீடு இரண்டாவது மாடியில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஆள் திரும்ப இடமில்லாத ஒரு சமையலறை. தங்கை கூடத்தில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு பழைய துணிகளைப் பிடித்தும் தளர்த்தியும் தைத்துக் கொடுப்பவள். அவள் புருஷன் பெயின்டர். நல்ல மனிதர், நகத்தில் மட்டும் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். அக்கா ஒரு மாதம் தங்கப்போகிறாள் என்றதும் தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. படுக்கையறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்து, புருஷனைக் கூடத்துக்கு மாற்றினாள். துரும்பைக்கூட நகர்த்தக் கூடாது என்று சட்டம் போட்டாள்.

ஓய்வெடு என்று சொல்வது சுலபம். அதை எப்படி எடுப்பது, எந்த அலமாரியில் இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. சிஸ்டர் படுத்தாள். இரண்டு மணி நேரத்தில் உடம்பு தானாக எழுந்து நின்றது. புரட்ட ஆள் இல்லை. மறுபடி படுத்தாள். மறுபடி எழுந்தாள். காலையில் தங்கை எழுந்து பார்த்தபோது தலையணை உறைகள் எல்லாம் துவைத்துக் கொடியில் தொங்கின. துடைப்பத்தை ஒளித்து வைத்தால் துணியால் தரையைத் துடைத்தாள். அதையும் பிடுங்கினால் ஜன்னல் கம்பிகளை விரலால் துடைத்தாள்.

வேறு நோயாளி கிடைக்காததால் பெயின்டர் மாட்டிக்கொண்டார். அவர் தும்மினால் நெற்றியில் ஒரு கை வந்து உட்காரும். தண்ணீர் குடித்தால் எவ்வளவு குடித்தார் என்று ஒரு பார்வை. கணுக்கால் வீங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பாள். “மாப்பிள்ளை, இன்னைக்கு வயிறு சுத்தமாச்சா?” என்று அவள் கேட்டபோது அவருடைய நண்பர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பெயின்டர் நண்பரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். அன்றைக்குப் பெண்டாட்டியிடம் மட்டும் சொன்னார். “உங்கக்கா என்னைப் பாக்கற பார்வையே சரியில்ல. எந்தப் பக்கமா புரட்டலாம்னு பாக்கறாங்க.” தங்கை சிரித்தாள். பிறகு சமையலறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஏனென்றால் வேடிக்கைக்குப் பின்னால் இருந்ததை அவள் பார்த்துவிட்டாள். அக்காவிடம் எது கேட்டாலும் பதில் வந்தது. பசிக்கிறதா, சாப்பிடலாம். டிவி போடட்டுமா, போடு. உப்பு போட மறந்துபோன சாப்பாட்டை ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தாள். சின்ன வயதில் உப்பு ஒரு கல் குறைந்தாலும் தட்டைத் தள்ளுகிறவள் அவள். டீச்சரம்மாவைப் பற்றிக் கேட்டபோது, எந்த நேரத்தில் போனார், அன்றைக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று சொன்னாள். மெக்கானிக்கைப் பற்றிக் கேட்டபோது எந்த மூட்டு, எப்படிக் கழன்றது என்று சொன்னாள். அழுதாயா என்று தங்கை கேட்கவே இல்லை. கேட்கப் பயமாக இருந்தது.

இரண்டாவது வாரத்தில் ஒரு காலை சிஸ்டர் எழவில்லை. அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். மத்தியானம் எழுந்து நாலு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் காய்ச்சல் வந்தது. முதுகு, தோள், மணிக்கட்டு என்று வலி இடம் இடமாகக் கிளம்பியது. இத்தனை வருஷமாக வாசலில் வரிசையில் நின்றிருந்த வலிகள் கதவு திறந்ததும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உள்ளே வந்ததுபோல இருந்தது. தங்கை பயந்துபோய் டாக்டரைக் கூட்டிவந்தாள். அவர் எல்லாம் பார்த்துவிட்டு, காய்ச்சல் தானாக இறங்கிவிடும், தூங்கட்டும், எழுப்ப வேண்டாம் என்றார். பணம் கொடுத்துக் கூட்டிவந்த டாக்டர் மருந்து எழுதாமல் போனது தங்கைக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுப்பவில்லை. தையல் மெஷின் சத்தம் போடும் என்று வேலையைப் பக்கத்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். பெயின்டர் தன் வீட்டுக்குள் திருடனைப்போல அடிமேல் அடி வைத்து நடந்தார்.

எத்தனை நாள் தூங்கினாள் என்று யாரும் எண்ணவில்லை. காய்ச்சல் விட்ட பிறகு ஒரு காலை அவள் தானாக வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். தலைமுடி வாரப்படாமல் ஒரே சிக்காக, கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தது. தங்கை சீப்பை எடுத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பொறுமையாகப் பிரித்தாள். கழுத்துக்கு மேல் ஒரு முடிச்சு வரவே மாட்டேன் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு இழு இழுத்தாள்.

“ஆ! வலிக்குதுடி.”

தங்கையின் கை நின்றுவிட்டது. அக்காவின் வாயிலிருந்து இந்த வார்த்தை வந்து எவ்வளவு காலமாயிற்று என்று அவளால் ஞாபகப்படுத்த முடியவில்லை. சிஸ்டரும் திகைத்துப்போய்த்தான் உட்கார்ந்திருந்தாள். தலைக்குக் கையைக் கொண்டுபோய் வலித்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போனால், ரத்தம் திரும்பும்போது சுகமாகவா இருக்கிறது? குத்தும். எரியும். கீழே ஊன்ற முடியாது. அவளுக்கு அப்படி இருந்தது. மெக்கானிக்கின் கூச்சல் அப்போதுதான் அவள் காதில் விழுந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் போட்ட கூச்சல். கால் திரும்பிக் கிடந்ததை அப்போதுதான் பார்த்தாள். ஆனால் வாய் வேறு ஒன்றைச் சொன்னது.

“டீச்சரம்மா செத்துப்போயிட்டாங்கடி.”

இப்போதுதான் போன் வந்ததுபோலச் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். அழகாக அழவில்லை. மூக்கு ஒழுக, மூச்சு முட்ட, தங்கையின் புடவையைப் பிடித்துக்கொண்டு, நாட்டுப் பெயர்களை எல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள். தங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய வேண்டும் என்று அவள் கேட்கவும் இல்லை. அக்கா அழுது ஓயும்வரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, மிச்சச் சிக்கை விரலால் பிரித்தாள்.

இரண்டு நாள் கழித்து மேடத்தின் போன் வந்தது. மாதம் முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. நல்ல வீடு ஒன்று வந்திருக்கிறது, நோயாளி உட்கார்ந்து தானே சாப்பிடுவார், புரட்ட வேண்டியதே இல்லை, ஆள் கிடைக்காமல் தவிக்கிறேன், நாளைக்கே வந்துவிடுங்கள் என்றாள். உங்களுக்குத் தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்றவள் அதையெல்லாம் மறந்துவிட்டாள் போலிருக்கிறது. தங்கை சைகையில் வேண்டாம் வேண்டாம் என்றாள். சிஸ்டர் மெக்கானிக் எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். அவர்கள் வேறு ஆளே வேண்டாம் என்றுவிட்டார்கள், மனைவிதான் தனியாகப் பார்த்துக்கொள்கிறாள் என்றாள் மேடம்.

“இப்ப வரலை மேடம்,” என்றாள் சிஸ்டர். “இன்னும் எனக்குத் தெரியல.”

இருபது வருஷத்தில் முதல் மறுப்பு. மேடம் கோபித்துக்கொண்டாள், இந்த இடம் போனால் அடுத்தது எப்போது வருமோ என்றாள். போனால் போகட்டும் என்று சிஸ்டர் போனை வைத்தாள். வைத்துவிட்டு, மெக்கானிக் வீட்டுக்குப் போகப்போவதாகத் தங்கையிடம் சொன்னாள். தங்கைக்குத் தூக்கிவாரிப்போட்டது. அங்கே போனால் செருப்பால் அடிப்பார்கள் என்றாள். அடிக்கட்டும் என்று சிஸ்டர் புறப்பட்டாள். மேல்கோட்டைப் போட்டுக்கொள்ளவில்லை.

மத்தியான வேளை. கதவைத் திறந்த மெக்கானிக்கின் மனைவிக்கு வந்தவளை அடையாளம் கண்டுகொள்ளவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்த மனைவி போட்டிருந்த நைட்டி உள்பக்கம் வெளியே தெரியும்படி திரும்பியிருந்தது. ஒரு கையில் கழுவாத கோப்பை. திட்டப்போகிறாள் என்று சிஸ்டர் காத்திருந்தாள். அவள் திட்டவில்லை. திட்டவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. “என்ன?” என்று மட்டும் கேட்டாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. அன்றைக்கு என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று சிஸ்டருக்குப் பட்டது. வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த மன்னிப்பு வார்த்தைகள் அதைப் பார்த்ததும் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டன.

“நீங்க கொஞ்சம் படுங்க,” என்றாள். “நான் அவரைத் தொடமாட்டேன். பக்கத்துல உக்காந்திருக்கேன், அவ்வளவுதான். ஏதாவது வேணும்னா உங்களைத்தான் எழுப்புவேன்.”

மனைவி உள்ளே திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். கட்டிலில் கிடந்த மெக்கானிக் சிஸ்டரைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐந்து நிமிஷம் மட்டும் என்று சொல்லிவிட்டு மனைவி அறையிலேயே இருந்த சோபாவில் சாய்ந்தாள். கோப்பை கையிலேயே இருந்தது. சிஸ்டர் அதை வாங்கிக் கீழே வைப்பதற்குள் அவள் தூங்கிப்போயிருந்தாள்.

நாற்காலியைக் கட்டிலிலிருந்து ஒரு கை தூரம் தள்ளிப் போட்டுக்கொண்டு சிஸ்டர் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். தப்பு என்னுடையதுதான், மன்னிக்க வேண்டும் என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் பின்தலையிடம் சொன்னாள். அவர் ம் என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லாததில் நியாயம் இருந்தது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள். மனைவியிடமிருந்து மெல்லிய குறட்டை வந்தது. நேரம் போயிற்று.

மெக்கானிக் ஒரே பக்கமாகக் கிடந்து வெகுநேரமாகிவிட்டது என்பதைச் சிஸ்டர் கவனித்தாள். அவருடைய கை கட்டில் கம்பியைப் பிடித்தது, விட்டது, மறுபடி பிடித்தது. நெற்றியில் வேர்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அது என்ன வலி என்று அவளுக்குத் தெரியும். முதுகு எரியும், மடங்கிய தோள் கழன்றுவிடும்போல இருக்கும், யாராவது திருப்ப மாட்டார்களா என்று உடம்பு கெஞ்சும். எழுந்து நின்று, அவங்களை எழுப்பட்டுமா என்று கேட்டாள்.

மெக்கானிக் கஷ்டப்பட்டுத் தலையைத் தூக்கிச் சோபாவைப் பார்த்தார். வாய் திறந்து, ஒரு கால் கீழே தொங்க, மனைவி கிடந்தாள்.

“வேணாம்,” என்றார். “அவ தூங்கி எத்தனை நாளாச்சோ.”

கொஞ்ச நேரம் தாங்கிப் பார்த்தார். கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. ஒரு பக்கம் இந்தக் கைகள், இன்னொரு பக்கம் அந்தத் தூக்கம். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“நீங்களே திருப்புங்க,” என்றார் கடைசியில்.

சிஸ்டர் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். கெட்டித் தலையணையை எடுத்து அவர் பார்க்கும்படி பிடித்துக்கொண்டாள். எந்தக் கால் என்று கேட்டாள். தெரியாதா உங்களுக்கு என்றார் அவர், கோபமாக. தெரியும், இருந்தாலும் நீங்கள் ஒரு தடவை சொல்லுங்கள் என்றாள். வலது என்றார். வலது என்று அவளும் சொன்னாள். இரண்டு காலுக்கும் நடுவில் தலையணையை வைத்தாள். இடுப்பின் பின்னால் உள்ளங்கையைக் கொண்டுபோனாள். கை நடுங்கியது. அத்தனை வருஷத்தில், அத்தனை கட்டில் பக்கத்தில், ஒரு தடவைகூட நடுங்காத கை. அந்த நடுக்கம் தோலின் வழியாக அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

“எனக்குப் பயமா இருக்குங்க,” என்றாள்.

“எனக்கும்தான்,” என்றார் மெக்கானிக். “மெதுவா பண்ணுங்க.”

மெதுவாகத்தான் செய்தாள். ஒரு ஆளைத் திருப்ப அவளுக்கு அவ்வளவு நேரம் ஆனதே இல்லை. சோபாவில் இருந்தவள் விழிக்கவில்லை.